மூளைக்கும் போகிறது ஸ்டீராய்டு

வீசிங் முற்றி மூச்சு விடத் திணறுபவர், சிறுநீரில் புரதம் கசிந்து முகம் வீங்கிய குழந்தை, லூபஸ் வந்த இளம்பெண், முடக்குவாதத்தில் விரல் மடக்க முடியாத பாட்டி. நோய்கள் வெவ்வேறானாலும் இவர்கள் எல்லோருடைய மருந்துச் சீட்டிலும் ஒரு வரி பொதுவாக இருக்கும்: ஸ்டீராய்டு. பெரும்பாலும் பிரெட்னிசலோன். அதைக் கையில் கொடுக்கும்போது சில எச்சரிக்கைகளும் சேர்ந்தே வரும். வெறும் வயிற்றில் போடாதீர்கள், சர்க்கரை ஏறும், முகம் உப்பும், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எல்லாம் தேவையான எச்சரிக்கைகள்தான். ஆனால் கூட்டம் நெருக்கும் புறநோயாளிப் பிரிவில் ஒன்று விடுபட்டுப் போகிறது. இந்த மருந்து மூளைக்கும் போகும் என்பதை யாரும் சொல்வதில்லை.

சொல்லாததன் விலையை வீடு கொடுக்கிறது. மாத்திரை தொடங்கிய சில நாட்களிலேயே சிலருக்குத் தூக்கம் போய்விடும். இரவு இரண்டு மணிக்கு எழுந்து பீரோவை அடுக்குவார்கள். பேச்சு நிற்காது, உற்சாகம் கரைபுரளும், அடுத்த மணி நேரமே சிறு சொல்லுக்குக் கண் கலங்கும், அல்லது தட்டு பறக்கும். மிகச் சிலருக்குக் காதில் குரல் கேட்கும், யாரோ தனக்குக் கெடுதல் செய்வதாகத் தோன்றும். குடும்பம் இதற்குத் தன் அறிவுக்கு எட்டிய காரணத்தைத் தேடிக்கொள்கிறது. நோய் வந்ததிலிருந்து குணமே மாறிவிட்டது என்கிறார்கள். வேண்டுமென்றே செய்கிறாள் என்கிறார்கள். கோயிலுக்குக் கூட்டிப் போகிறவர்களும் உண்டு.

1972-இல் பாஸ்டன் நகரை மையமாகக் கொண்ட ஒரு மருந்துக் கண்காணிப்புக் குழு, மருத்துவமனைகளில் பிரெட்னிசோன் எடுத்த நோயாளிகளைக் கவனித்துக் கணக்கெடுத்தது. ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் வரை எடுத்தவர்களில் 1.3 விழுக்காட்டினருக்குக் கடுமையான மனநலப் பாதிப்பு ஏற்பட்டது. 41 முதல் 80 மில்லிகிராம் எடுத்தவர்களில் அது 4.6 விழுக்காடு. 80-க்கு மேல் போனவர்களில் 18.4 விழுக்காடு. அரை நூற்றாண்டு கடந்தும் மருத்துவர்கள் மேற்கோள் காட்டும் எண்கள் இவை. மாத்திரையின் அளவு ஏற ஏறப் பாதிப்பும் ஏறுகிறது என்றால், இது அந்த மனிதரின் குணத்தில் இருந்து வந்ததாக இருக்க முடியாது. மருந்தில் இருந்து வந்தது.

இது எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, மாத்திரையை விட்டுவிட்டு அந்த மாத்திரை எதைப் பார்த்துச் செய்யப்பட்டதோ அதற்குப் போக வேண்டும்.

இரண்டு சிறுநீரகங்களின் உச்சியிலும் ஆளுக்கொன்றாக உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் ஒவ்வொன்றும் நான்கைந்து கிராம் எடைதான். உட்பகுதியில் அட்ரினலின் சுரக்கிறது. பாம்பைக் கண்டதும் நெஞ்சு படபடப்பது அதனால். மேலோட்டில் சுரப்பவை வேறு: உடலில் உப்பைப் பிடித்து வைக்கும் ஆல்டோஸ்டீரோன், ஆண்மை இயக்குநீர்களின் மூலப்பொருட்கள், எல்லாவற்றுக்கும் மேலாகக் கார்டிசால். மூளைக்கும் இரத்தத்துக்கும் இடையே ஒரு தடுப்பு இருக்கிறது. அட்ரினலின் அதைத் தாண்டி எளிதில் உள்ளே போக முடியாது. நரம்புகள் வழியாகச் செய்தி மட்டும்தான் அனுப்ப முடியும். கார்டிசால் கொழுப்பில் கரையும் பொருள். அது தடுப்பைக் கடந்து நேராக நரம்பணுவுக்குள் நுழைந்து, உட்கருவரை போய், எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்பதையே மாற்றுகிறது.

சுரக்கச் சொல்லி ஆணையிடுவதும் மூளைதான். ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிக்குச் சொல்லும், பிட்யூட்டரி ஏ.சி.டி.ஹெச். என்னும் இயக்குநீரை இரத்தத்தில் விடும். அதைக் கேட்டு அட்ரினல் கார்டிசாலைச் சுரக்கும். போதும் என்ற அளவு வந்ததும் அதே கார்டிசால் மேலே போய் ஆணையை நிறுத்தும். வெகுகாலம் விஞ்ஞானிகள் மூளையில் கார்டிசாலுக்கு இருக்கும் வேலை இந்த ஒன்றுதான் என்று எண்ணியிருந்தார்கள்.

1968-இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் மெக்ஈவன் அந்த எண்ணத்தை மாற்றினார். அட்ரினல் நீக்கப்பட்ட எலிகளுக்கு, கதிரியக்க அடையாளம் இட்ட கார்டிகோஸ்டீரோனைச் செலுத்தி, அது மூளையில் எங்கே போய்த் தங்குகிறது என்று அவரும் சக ஆய்வாளர்களும் பார்த்தார்கள். எலிகளுக்கு நம் கார்டிசாலின் இடத்தில் இருப்பது கார்டிகோஸ்டீரோன். ஹைப்போதலாமஸில் நிறையத் தங்கும் என்பது எதிர்பார்ப்பு. அது மிகுதியாகத் தங்கியதோ ஹிப்போகாம்பஸில். நேற்று நடந்ததை நினைவில் வைக்க, வழியை மனத்தில் பதிக்க உதவும் பகுதி அது. சிறுநீரகத்தின் மேல் இருக்கும் சுரப்பிக்கு நினைவாற்றலோடு என்ன வேலை என்ற கேள்வி அன்று தொடங்கியது. அறிவியலில் எனக்கு மிகவும் பிடித்த வகை முடிவு இது: சிறிய சோதனை, ஒரே விடை, அதன் பிறகு பாடப்புத்தகத்தைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது.

ரான் டி க்ளோட் என்ற நெதர்லாந்து ஆய்வாளரும் அவருடைய குழுவும் 1980-களில் அடுத்த முடிச்சை அவிழ்த்தார்கள். கார்டிசாலைப் பிடித்துக்கொள்ள மூளையில் இரண்டு வகை ஏற்பிகள் இருக்கின்றன. முதல் வகை மிகவும் பசியுள்ளது. இரத்தத்தில் கொஞ்சம் கார்டிசால் இருந்தாலே பிடித்துக்கொள்ளும். சாதாரண நாளில்கூட அது பெரும்பாலும் நிரம்பியே இருக்கும். இரண்டாம் வகையின் பிடிமானம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். விடியற்காலையில் கார்டிசால் உச்சத்துக்கு ஏறும்போதும், உடலோ மனமோ நெருக்கடியில் இருக்கும்போதும்தான் அது நிரம்பும். முதல் வகை, நிலைமையை மதிப்பிட்டு நிதானமாக எதிர்கொள்ள உதவுகிறது. இரண்டாம் வகை, நெருக்கடி முடிந்ததும் அடங்கவும், நடந்ததை நினைவில் சேர்க்கவும் உதவுகிறது. ஹிப்போகாம்பஸில் இரண்டுமே ஏராளம். ஆகவே இந்த இயக்குநீர் குறைந்தாலும் மூளை தடுமாறும், கூடினாலும் தடுமாறும்.

குறைந்தால் என்ன ஆகும் என்பதை முதலில் எழுதியவர் தாமஸ் அடிசன். லண்டன் கைஸ் மருத்துவமனையில் தான் கண்ட 11 நோயாளிகளைப் பற்றி 1855-இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். தீராத சோர்வு, வயிற்றுக் குமட்டல், நலிந்த இதயத் துடிப்பு, தோல் கறுத்துப் போதல். இறந்தவர்களின் உடலைத் திறந்து பார்த்தபோது அட்ரினல்கள் அழிந்திருந்தன. அக்காலத்தில் முதன்மைக் காரணம் காசநோய். மேலை நாடுகளில் இன்று உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்குவதுதான் பெரும்பான்மைக் காரணம். நம் நாட்டில் காசநோய் இன்னும் அந்தப் பட்டியலில் இருந்து போய்விடவில்லை.

அடிசன் நோய் மெதுவாக வரும். அதுதான் கொடுமை. காலையில் எழ மனமிருக்காது, வேலையில் பிடிப்பிருக்காது, பேச்சு குறையும், மறதி வரும், உடல் இளைக்கும். மனச்சோர்வு என்று தூக்க மாத்திரை கொடுத்து அனுப்பப்பட்டவர்களும், சாப்பிட மறுக்கிறாள் என்று மனநலப் பிரிவில் சேர்க்கப்பட்ட பெண்களும் மருத்துவ இதழ்களின் நோயாளி விவரங்களில் திரும்பத் திரும்ப வருகிறார்கள். தோல் கறுப்பதைக் கொண்டு கண்டுபிடிக்கலாம் என்று பாடநூல் சொல்லும். வெள்ளைத் தோலில் அது பளிச்சென்று தெரியும். நம் ஊரில் வெயிலில் அலைந்து கறுத்துப் போய்விட்டாய் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இங்கே பார்க்க வேண்டியது ஈறு, நாக்கு, உள்ளங்கை ரேகை, பழைய தழும்பு. அங்கே புதிதாகக் கருமை படர்ந்து, கூடவே ஊறுகாயையும் உப்பையும் தேடித் தேடித் தின்னும் ஆசையும் இருந்தால், காலை நேரக் கார்டிசால் பரிசோதனை ஒன்றை எழுதித் தர மருத்துவருக்கு வேறு காரணம் தேவையில்லை.

அந்த உப்பு ஆசைக்குப் பின்னால் மூளையின் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஆல்டோஸ்டீரோன் இல்லாவிட்டால் உப்பு சிறுநீரில் போய்விடும். கார்டிசால் இல்லாவிட்டால் உடலில் நீர் தேவைக்கு மேல் தேங்கும். இரண்டும் சேர்ந்து இரத்தத்தின் சோடியத்தைக் கீழே தள்ளும்போது, நீர் மூளை அணுக்களுக்குள் புகுந்து அவற்றை வீங்க வைக்கும். தலைவலி, குழப்பம், உளறல், பிறகு வலிப்பு. இன்னொரு பக்கம், பட்டினியில் சர்க்கரையைத் தாங்கிப் பிடிக்கும் இயக்குநீரும் கார்டிசால்தான். அது இல்லாத குழந்தை ஒரு வேளை சாப்பிடாமல் தூங்கினாலே சர்க்கரை இறங்கி வலிப்பு வரலாம்.

சிகிச்சையிலும் ஒரு கத்திமுனை உண்டு. பல நாட்களாகச் சோடியம் தாழ்ந்திருந்தவருக்கு ஹைட்ரோகார்டிசோன் கொடுத்ததும் தேங்கிய நீர் மளமளவென்று சிறுநீராக வெளியேறும். சோடியம் சில மணி நேரத்தில் துள்ளி ஏறும். தாழ்ந்த நிலைக்குப் பழகிப்போன மூளையால் அந்த வேகத்தைத் தாங்க முடியாது. மூளைத்தண்டில் நரம்பிழைகளின் உறை கரைந்து, பேச்சும் கைகால் அசைவும் போய்விடக் கூடும். அதனால்தான் தீவிர சிகிச்சைப் பிரிவில் சில மணிக்கொரு முறை இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். சும்மா சும்மா குத்துகிறார்களே என்று உறவினர்கள் வருந்துவது இயல்பு. அந்தக் குத்தல் மூளையைக் காக்கிறது.

1989-இல் ராபர்ட் ஸ்லோவிட்டரும் குழுவினரும் கண்டது இன்னும் வியப்பானது. அட்ரினல் நீக்கப்பட்ட எலிகளின் ஹிப்போகாம்பஸில், ஒரு குறிப்பிட்ட வகை நரம்பணுக்கள் மூன்று நான்கு மாதங்களில் பெருமளவு மடிந்திருந்தன. பக்கத்தில் இருந்த மற்ற அணுக்கள் அப்படியே இருந்தன. கார்டிசாலை மூளைக்குப் பகை என்று மட்டும் எழுதிப் பழகியவர்களுக்கு இது ஒரு திருத்தம். அந்த அணுக்கள் உயிரோடு இருப்பதற்கே அந்த இயக்குநீர் தேவைப்பட்டது.

மிகையின் கதைக்கு அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங்கின் பெயர் இருக்கிறது. பிட்யூட்டரியில் தோன்றும் சிறு கட்டி ஓயாமல் ஆணையிட, அட்ரினல் ஓயாமல் சுரக்கும் நோயை 1932-இல் அவர் விரிவாக விளக்கினார். நிலா போல உருண்ட முகம், மெலிந்த கைகால், வயிற்றில் ஊதா நிற வரிகள் ஆகியவை எல்லோருக்கும் தெரிந்த அடையாளங்கள். நோய் தீவிரமாக இருக்கும் காலத்தில் பாதிக்கு மேற்பட்டோர் மனச்சோர்வில் விழுகிறார்கள் என்பது அவ்வளவாகத் தெரியாது. எரிச்சல், பதற்றம், சொல் தேடித் திணறுதல், படித்தது தங்காமை எல்லாம் உடன் வரும்.

மிச்சிகன் பல்கலைக்கழக மனநல மருத்துவர் மோனிகா ஸ்டார்க்மன் இந்த நோயாளிகளின் மூளையை எம்.ஆர்.ஐ.யில் அளந்தார். கார்டிசால் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு சிறிதாக ஹிப்போகாம்பஸ் இருந்தது. நிறையப் பேரை அச்சுறுத்திய முடிவு அது. ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு 22 பேரை மறுபடி அளந்து 1999-இல் வெளியிட்டார். கார்டிசால் இறங்கியதும் ஹிப்போகாம்பஸ் திரும்ப வளர்ந்திருந்தது. சிலருக்கு 10 விழுக்காடு வரை. கார்டிசால் மிகையில் நரம்பணுக்கள் பெரும்பாலும் சாவதில்லை. தம் கிளைகளைச் சுருக்கிக்கொள்கின்றன. வெள்ளம் வடிந்தால் கிளைகள் மறுபடி நீள முடியும்.

முழுமையாக மீள்கிறதா என்றால், இல்லை. நெதர்லாந்தின் லெய்டன் குழு 2010-இல், குணமாகிப் பல ஆண்டுகள் கடந்த குஷிங் நோயாளிகளைச் சோதித்தபோது, நினைவாற்றலிலும் திட்டமிடும் திறனிலும் மற்றவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள். இரத்த அறிக்கை சரியாகிவிட்டது, இனி உங்களுக்கு ஒன்றுமில்லை என்று இவர்களை அனுப்பிவிடுவது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். அறுவைச் சிகிச்சை முடிந்த அடுத்த மாதங்களில் வேறொரு கஷ்டமும் காத்திருக்கிறது. கட்டி போனதும் கார்டிசால் சட்டென்று விழும். அத்தனை காலம் அடக்கி வைக்கப்பட்டிருந்த இயல்பான சுரப்பு விழித்தெழ மாதக்கணக்காகும், சிலருக்கு ஓர் ஆண்டையும் தாண்டும். அந்தக் காலத்தில் நோயாளி முன்பைவிட மோசமாக உணர்வார்: மூட்டெல்லாம் வலி, எழ முடியாத அசதி, காரணமில்லாத அழுகை. அறுவை தோற்றுவிட்டது என்று வீடு பயந்துபோகும். அது வெற்றி பெற்றதன் அறிகுறி என்பதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் அந்த மாதங்கள் கொஞ்சம் எளிதாகக் கழியும்.

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கு நேரடியாகச் சொந்தமான பகுதி ஒன்று இருக்கிறது. அது பிறவியிலேயே வரும் அட்ரினல் கோளாறு. மருத்துவமனைகளில் சி.ஏ.ஹெச். என்பார்கள். கார்டிசால் தயாரிப்பதற்கான நொதிகளில் ஒன்று குறைந்து பிறக்கும் குழந்தைகளுக்கு வருவது. கார்டிசால் வராததால் பிட்யூட்டரி மேலும் மேலும் ஆணையிடும், சுரப்பி பெருக்கும், கார்டிசாலாக மாற முடியாத மூலப்பொருள் திசை மாறி ஆண்மை இயக்குநீராகக் கொட்டும். பெண் குழந்தையின் பிறப்புறுப்பு ஆண் சாயலோடு உருவாகலாம். ஆண் குழந்தையிடம் வெளியே எதுவும் தெரியாது. பிறந்த இரண்டாவது வாரத்தில் வாந்தி, எடை இறக்கம், துவண்டு போதல் என்று உப்பிழப்பு நெருக்கடி தாக்கும்போது, வயிற்றுக் கோளாறு என்று எண்ணியிருக்கும்போதே குழந்தை போய்விடலாம்.

உலக அளவில் ஏறத்தாழ 15,000 குழந்தைகளில் ஒருவருக்கு இது வருவதாகச் சொல்வார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னை உட்பட ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகளைப் பரிசோதித்து 2018-இல் வெளியிட்ட முடிவில், இந்தியாவுக்கு 5,762-இல் ஒன்று. சென்னையில் மட்டும் 2,036-இல் ஒன்று. இது தாய், தந்தை இருவரும் மரபணுக் குறையைச் சுமந்தால்தான் குழந்தைக்கு வரும் நோய். நெருங்கிய உறவில் மணம் செய்தால் வாய்ப்பு கூடும். குதிகாலில் குத்தி எடுக்கும் சில சொட்டு இரத்தத்தில் இதைக் கண்டுபிடித்துவிடலாம். கேரள அரசு மருத்துவமனைகள் பிறந்த குழந்தைகளுக்குச் செய்யும் பரிசோதனையில் இது ஏற்கெனவே இருக்கிறது. 2,036 என்ற எண்ணைப் பார்த்த பிறகு, தமிழ்நாட்டில் பிறக்கும் எந்தக் குழந்தைக்கும் இந்தச் சில சொட்டுப் பரிசோதனை தவறக் கூடாது என்று வற்புறுத்த எனக்கு வேறு வாதம் தேவைப்படவில்லை.

கண்டுபிடித்தால் மருந்து உண்டு. வாழ்நாள் முழுக்க ஹைட்ரோகார்டிசோன், உப்பிழப்பு இருந்தால் ஃப்ளூட்ரோகார்டிசோன். இங்கேதான் மூளையின் கேள்வி கூர்மையாகிறது. குறைந்த கார்டிசாலை ஈடுகட்ட மட்டும் மருந்து கொடுத்தால் ஆண்மை இயக்குநீர் அடங்காது. அதை அடக்க உடல் இயல்பாகச் சுரப்பதைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கூடுதலாகக் கொடுத்தால் வளர்ச்சி குறையும். ஆக இந்தக் குழந்தைகள் ஒரே நாளிலேயே பற்றாக்குறையையும் மிகையையும் மாறி மாறிச் சந்திக்கிறார்கள், வளரும் மூளையோடு. லாஸ் ஏஞ்சலிஸ் குழு ஒன்று 2020-இல் வெளியிட்ட ஸ்கேன் ஆய்வில், இந்த நோயுள்ள சிறுவர் சிறுமியருக்கு நெற்றிப்பக்க மூளை, அமிக்டலா, ஹிப்போகாம்பஸ் ஆகியவற்றின் சில பகுதிகள் சற்றுச் சிறிதாக இருந்தன. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா குழு, மனத்தில் சில விஷயங்களை ஒரே நேரத்தில் பிடித்து வைத்துக்கொள்ளும் திறனில் வேறுபாடுகளையும் அதற்கேற்ற மூளை மாற்றங்களையும் கண்டது. பெற்றோர் இதைப் படித்துக் கலங்க வேண்டாம். இவர்களில் பெரும்பாலோரின் அறிவுத்திறன் இயல்பான வரம்பில்தான் இருக்கிறது; படித்துப் பட்டம் பெற்று வேலைக்குப் போகிறார்கள். உண்மையான சேதம் வருவது தாமதமாகக் கண்டுபிடிக்கப்படும்போதும், நெருக்கடியில் சோடியமும் சர்க்கரையும் சரிந்து மூளை நேரடியாக அடிபடும்போதும்தான்.

இதே நோயில், மூளையைக் கருதி ஒரு நாடு ஒரு சிகிச்சையையே நிறுத்திய வரலாறும் உண்டு. பெண் குழந்தையின் பிறப்புறுப்பு மாற்றத்தைக் கருவிலேயே தடுக்கலாம் என்று 1984-இல் பிரான்ஸின் லியோன் நகர மருத்துவர்கள் எழுதினார்கள். ஏற்கெனவே இந்நோயுள்ள குழந்தை பிறந்த குடும்பத்தில், தாய் மறுபடி கருவுற்றதும் டெக்சாமெத்தசோன் கொடுப்பது அந்த வழி. இயற்கைக் கார்டிசாலைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சுக்கொடி டெக்சாமெத்தசோனைத் தடுக்காமல் விட்டுவிடும். சிக்கல் காலத்தில் இருந்தது. ஆறாம் ஏழாம் வாரத்துக்குள் தொடங்கினால்தான் பயன். கரு ஆணா பெண்ணா, நோய் உண்டா இல்லையா என்பதை அப்போது அறிய வழியில்லை. நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அதில் பெண்ணாக இருக்கும் வாய்ப்பு பாதி. அதாவது பயன்பெறப் போகும் ஒரு கருவுக்காக, பயனே இல்லாத ஏழு கருக்கள் தம் மூளை உருவாகும் வாரங்களில் வீரியமான ஸ்டீராய்டைச் சந்தித்தன. 2007-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் அப்படிப் பிறந்து வளர்ந்த பிள்ளைகளைச் சோதித்தார்கள். சொற்களை மனத்தில் வைத்துக் கையாளும் திறனில் சிலர் பின்தங்கியிருந்தார்கள். 2010-இல் அந்நாடு புதிய தாய்மார்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டது. அந்தப் பிள்ளைகள் இளைஞர்களானபோது சோதனைகளில் அந்த இடைவெளி காணப்படவில்லை என்பது ஆறுதல். ஆனாலும் இச்சிகிச்சையைச் சோதனை நிலையில் உள்ளதாகவே கருத வேண்டும் என்று அமெரிக்க எண்டோகிரைன் சங்கத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த முடிவு சரியென்றே எனக்குப் படுகிறது. பயன்பெறாத ஏழு பேரின் மூளையை யாரும் பணயமாக வைக்கக் கூடாது.

டெக்சாமெத்தசோனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2020-இல் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு, நாளுக்கு வெறும் 6 மில்லிகிராம் வீதம் பத்து நாள் கொடுத்தால் வென்டிலேட்டரில் இருந்த கொரோனா நோயாளிகளின் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவதைக் காட்டியது. எண்ணற்ற உயிர்களைக் காத்த மருந்து அது. ஆனால் அது இரண்டாம் வகை ஏற்பியைத்தான் இறுக்கிப் பிடிக்கும். முதல் வகையை ஏறக்குறைய தொடாது. அதே வேளையில் உடலின் சொந்தக் கார்டிசாலை நிறுத்திவிடும். எப்போதும் நிரம்பியிருக்க வேண்டிய முதல் ஏற்பி வெறுமையாகிறது. டெக்சாமெத்தசோன் எடுப்பவர்களின் மனக்குழப்பத்துக்கு இந்த வெறுமையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று டி க்ளோட் வாதிட்டு வருகிறார்.

அளவைப் பற்றியே இதுவரை பேசினேன். கடந்த இருபது ஆண்டுகளில் தெளிவானது வேறு: மூளை அளவோடு நேரத்தையும் கவனிக்கிறது. கார்டிசால் நள்ளிரவில் மிகக் குறைந்து, விழிப்பதற்கு முன்பே ஏறத் தொடங்கி, காலை எட்டு மணி வாக்கில் உச்சம் தொட்டு, பொழுது சாயச் சாய இறங்கும். அதற்குள்ளேயே ஏறத்தாழ மணிக்கொரு சிற்றலையாகத் துடிக்கும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஸ்டாஃபர்ட் லைட்மன் பல ஆண்டுகளாக இந்தச் சிற்றலைகளைப் பின்தொடர்கிறார். 2018-இல் அவருடைய குழு 15 ஆரோக்கியமான ஆண்களின் சொந்தக் கார்டிசாலை மருந்தால் நிறுத்தி, ஒரே அளவு ஹைட்ரோகார்டிசோனை மூன்று விதமாகக் கொடுத்தது: பம்பு வழியாக இயற்கை போன்ற சிற்றலைகளாக, அலையில்லாமல் சீராக, வழக்கமான மாத்திரையாக. ஒரு நாளின் மொத்த அளவு ஒன்றேதான். ஆனாலும் தூக்கத்தின் தரம், முகத்தில் தெரியும் உணர்ச்சியை அடையாளம் காணுதல், நினைவுச் சோதனையில் செய்த வேலை எல்லாம் மூன்றிலும் ஒரே மாதிரி இல்லை.

அடிசன் நோயாளி இன்று எடுப்பது நாளுக்கு 15 முதல் 25 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன், இரண்டு அல்லது மூன்று வேளையாக. விழுங்கிய ஒரு மணி நேரத்தில் இரத்தத்தில் உச்சம். ஒன்றரை மணிக்கொரு முறை பாதியாகக் குறைந்து, அடுத்த வேளை வருவதற்குள் வற்றிப் போகும். சொட்டு நீர்ப் பாசனம் வேண்டிய செடிக்கு மூன்று வேளை குடம் குடமாக ஊற்றுவது போன்றது இது. செடி சாகாது, ஆனால் நடுவில் வாடும். மதியம் மூன்று மணிக்கு மேல் மூளை மந்தமாகிவிடுகிறது, கணக்குப் பார்க்க முடியவில்லை என்று நோயாளி சொன்னால், அது சோம்பல் இல்லை. விடியற்காலை நான்கு மணிக்கு ஏற வேண்டிய கார்டிசால் அவருக்கு ஏறுவதே இல்லை. படுக்கையை விட்டு எழும்முன் முதல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு அரைமணி காத்திருப்பவர்கள் உண்டு. இரவில் தாமதமாகப் போட்டுக்கொண்டால் தூக்கம் கெடும். முன்னிரவுத் தூக்கத்தில்தான் அன்றைய நினைவுகள் பதிகின்றன, அந்த நேரத்தில் கார்டிசால் தாழ்ந்திருக்க வேண்டும்.

மெதுவாகக் கரைந்து விடியலில் வேலை செய்யும் மாத்திரைகள் ஐரோப்பாவில் வந்துவிட்டன. 2024 டிசம்பரில் அமெரிக்கா, சி.ஏ.ஹெச். நோய்க்குக் கிரினெசர்ஃபாண்ட் என்ற மருந்தை அனுமதித்தது. ஹைப்போதலாமஸின் ஆணை பிட்யூட்டரியை எட்டாமல் தடுப்பது அதன் வேலை. ஆணை குறைந்தால் ஆண்மை இயக்குநீர் குறையும், ஸ்டீராய்டின் அளவையும் குறைக்கலாம். நம் ஊர் நோயாளிக்குக் கட்டுப்படியாகும் விலையில் இவை வருவதற்குள், இருக்கும் மாத்திரையையே நேரம் பார்த்துப் பிரித்துக் கொடுப்பதில் அக்கறை காட்டலாம்.

வேறு நோய்க்காக ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு வருகிறேன். பிரிட்டனின் பயோபேங்க் தகவல்களைக் கொண்டு 2022-இல் வெளியான ஆய்வில், மாத்திரையாக எடுத்தவர்களின் மூளையில் நரம்பிழைகள் நிறைந்த வெண்பகுதியின் தரம் சற்றுக் குறைந்திருந்தது; இன்ஹேலர் எடுத்தவர்களிடமும் சிறிய அளவில் அது தெரிந்தது. மருந்தால் வந்ததா, மருந்தைத் தேவைப்படுத்திய நோயால் வந்ததா என்பதை இத்தகைய ஆய்வு பிரித்துச் சொல்லாது. இதைப் படித்துவிட்டு யாரும் இன்ஹேலரைத் தூக்கி எறிய வேண்டாம். மூச்சு முட்டி ஆக்சிஜன் குறைந்தால் மூளைக்கு வரும் கேடு அதைவிடப் பெரிது.

மனநிலை மாற்றங்கள் பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களில் வரும். அந்த நாட்களில் எத்தனை மணி நேரம் தூங்கினார், எப்போது கோபம் வந்தது, என்ன பேசினார் என்று வீட்டில் ஒருவர் குறித்து வைத்தால் மருத்துவருக்கு அது பெரிய உதவி. முழு மருந்தையும் காலையிலேயே கொடுக்கலாமா, அளவைக் குறைக்கலாமா என்று அவரால் முடிவெடுக்க முடியும். மருந்து குறையும்போது பெரும்பாலோருக்கு மனம் தன் பழைய நிலைக்கு வந்துவிடும். குரல் கேட்பது, சாக வேண்டும் என்று பேசுவது இவையெல்லாம் வந்தால் அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்கக் கூடாது. அன்றே போக வேண்டும்.

பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. சில வாரங்கள் ஸ்டீராய்டு எடுத்தாலே சொந்தச் சுரப்பி தூங்கத் தொடங்கிவிடும். திடீரென நிறுத்தினால் அவர் அடிசன் நோயாளியின் நிலையில் நிற்பார். மூட்டுவலிக்கென்று பெயரில்லாத பொட்டலங்களில் விற்கப்படும் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. அவற்றை மாதக்கணக்கில் தின்று, ஒரு நாள் நிறுத்திவிட்டு, குழம்பிய நிலையில் கொண்டு வரப்படுபவருக்குத் தான் என்ன எடுத்தோம் என்பதே தெரியாது. பெரியவர்கள் இரத்த அழுத்தம் தாழ்ந்து, பேச்சுத் தடுமாறி வந்தால், என்ன பொடி சாப்பிட்டீர்கள் என்ற கேள்வியை அவசரப் பிரிவில் கட்டாயம் கேட்க வேண்டும்.

அட்ரினல் குறையுள்ளவர் வீட்டில் நடைமுறை இது. காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகார்டிசோனை மருத்துவர் முன்பே சொல்லி வைத்தபடி இரண்டு, மூன்று மடங்காக்க வேண்டும். வாந்தியில் மாத்திரை வயிற்றில் தங்காவிட்டால் ஊசி. பெரியவருக்கு 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன், தொடைத் தசையில். குழந்தைக்கு வயதுக்கேற்பக் குறைவாக. ஊசி மருந்து வீட்டில் இருக்க வேண்டும், போடத் தெரிந்தவர் ஒருவராவது இருக்க வேண்டும், நோயின் பெயரும் மருந்தின் அளவும் எழுதிய அட்டை சட்டைப் பையிலோ பள்ளிப் பையிலோ இருக்க வேண்டும், வகுப்பாசிரியருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஊசியைப் போட்டுவிட்டுப் பிறகு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஆட்டோ தேடி, சிக்னலில் நின்று, சீட்டு எழுதி வாங்கும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் சர்க்கரையும் சோடியமும் மூளையைக் கைவிடும்.